கோட்டுப் போட்டவரும் நீளக் காரும்

யாழ்ப்பாண வெயிலில் கோட்டுப் போடுகிறவர்கள் இரண்டே வகை. ஒருவர் வழக்குப் பேசுகிற அப்புக்காத்து. மற்றவர் வரவேற்பு மேடையில் வியர்த்துக்கொண்டு நிற்கிற கலியாண மாப்பிள்ளை. இரண்டு பேரும் காரில் பின்சீட்டில்தான் ஏறுவார்கள். கார் ஓடுகிறவர் சாரம் கட்டி, சேட்டின் மேல் பொத்தானைத் திறந்துவிட்டு, தோளில் ஒரு துவாயோடு முன்னுக்கு இருப்பார். இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பார்த்துப் பழகியது. ஆகவே கனடாவிலிருந்து அண்ணையின் படம் வந்தபோது, கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

படத்தில் அண்ணை கறுப்புக் கோட்டுப் போட்டு, கழுத்தில் ரை கட்டி, ஒரு கறுப்பு அமெரிக்கக் காருக்குப் பக்கத்தில் நின்றார். கார் படத்துக்குள் அடங்கவில்லை, வால் பக்கம் வெளியே போய்விட்டது. எங்கள் ஒழுங்கைக்குள் அதைக் கொண்டுவந்தால் திருப்ப முடியாது, கடைசி வீடுவரை போய்ப் பின்னுக்கு எடுத்துக்கொண்டுதான் வரவேண்டும். அம்மா படத்தைக் கண்ணாடி போட்டு மண்டபச் சுவரில் மாட்டினார். வந்தவர் போனவர் எல்லாரும் அண்ணாந்து பார்த்து, "பெடியன் நல்லா வந்திட்டான்" என்றார்கள். சண்டை முடிந்த வருஷம் அது. ஊருக்கும் நல்ல செய்தி ஏதாவது தேவைப்பட்டது.

உண்மை எனக்கு மட்டும் தெரியும். அண்ணை ரொறன்ரோவில் அந்தக் காரை ஓடிக்கொண்டிருந்தார். விமான நிலையத்தில் வந்திறங்குகிற பெரிய உத்தியோகத்தர்களை ஹோட்டலுக்கும் கந்தோருக்கும் ஏற்றி இறக்குகிற வாடகைக் கார். அங்கே அந்த வேலைக்குக் கோட்டுப் போடாமல் போனால் காரில் கை வைக்க விடமாட்டார்களாம். படம் வந்த அன்றைக்கே எனக்குத் தொலைபேசி எடுத்து அண்ணை சொன்னார்: "தம்பி, அப்பாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதை. கொம்பனியிலை வேலை எண்டு சொல்லு."

ஏன் அப்பாவுக்கு மட்டும் என்று சொல்ல வேண்டும். அப்பா முப்பது வருஷம் மானிப்பாயில் ஆஸ்பத்திரிக்கு முன்னால் வாடகைக் கார் ஓடியவர். எங்கள் ஊரில் ஏ-ஃபோர்ட்டி என்று சொல்கிற பழைய இங்கிலீஸ் கார். பிள்ளைப்பேற்றுக்குப் போனவர்களும், பிள்ளையோடு திரும்பி வந்தவர்களும், சிலவேளை பிள்ளையில்லாமல் திரும்பி வந்தவர்களும் அதில்தான் ஏறினார்கள். சமாதானப் பேச்சில் கண்டிப் பாதை திறந்திருந்த காலத்தில் அப்பா அந்தக் காரை விற்றுத்தான் அண்ணையை வெளிநாட்டுக்கு அனுப்பினார். பஸ் ஏறப்போகும்போது அண்ணையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "என்ன வேலையெண்டாலும் செய். ஸ்டியரிங் பிடிக்கிற வேலைக்கு மட்டும் போகாதை. அது என்னோடை முடியட்டும்."

அண்ணை போய் இரண்டாவது வருஷமே ஸ்டியரிங் பிடித்துவிட்டார். வேறு வேலை கிடைக்கவில்லை, கிடைத்த வேலைகளில் நிற்க முடியவில்லை. கையில் இருந்த ஒரே வித்தை அப்பாவின் மடியில் இருந்து பழகியது.

கோட்டுக்கு முந்தி நாலு வருஷம் அண்ணை ஓடியது ரக்சி. அதுவும் நீளமான அமெரிக்கக் கார்தான், ஆனால் பழைய பொலிஸ் கார். அங்கே பொலிஸ்காரர் ஓடித் தேய்ந்த கார்களை ஏலத்தில் விடுவார்களாம், ரக்சிக்காரர் வாங்கி வேறு நிறம் அடித்து ஓடுவார்களாம். ஓட்டுகிறவரின் கதவுக்குப் பக்கத்தில் தேடுவிளக்குப் பூட்டிய ஓட்டையை ரப்பரால் அடைத்திருந்தது. பின்கதவுகள் உள்ளுக்கிருந்து திறபடாது, கள்ளன் பாய்ந்துவிடக் கூடாதென்று அப்படிச் செய்ததை முதலாளி மாற்ற மறந்துவிட்டார். முதல் நாள் ஏறிய கிழவி ஒருத்தி இறங்க முடியாமல், தன்னைப் பிடித்துக்கொண்டு போவதாக நினைத்துக் கத்தினாளாம். பிறகு அண்ணையே ஸ்பனர் எடுத்துச் சரிபண்ணினார்.

பெருந்தெருவில் அண்ணை பின்னால் வந்தால் முன்னால் போகிறவர்கள் கண்ணாடியில் கண்டுவிட்டு மெதுவாகப் போவார்களாம். நிறம் மாறினாலும் முகம் பொலிஸ் முகம்தானே. "தம்பி, எங்கடை ஊரிலை பொலிஸ் ஜீப்பைக் கண்டால் வேலி பாய்ஞ்ச ஆள் நான். இஞ்சை என்னைக் கண்டு சனம் ஒதுங்குது" என்று சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். வேலி பாய்ந்ததை நினைத்தால் அதற்கு மேல் சிரிக்க வராது.

பொய்யைக் கட்டிக் காப்பாற்றிய பெருமை முழுக்க எனக்குத்தான். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள். நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறவன், பொருந்தச் சொல்லத் தெரியும். வெறும் 'கொம்பனி' என்று அண்ணை சொன்னதை நான் 'போக்குவரத்துக் கொம்பனி' ஆக்கினேன். அடுத்த வருஷம் அண்ணையை அதில் மனேச்சர் ஆக்கினேன். அதிபர் ஒருநாள் கேட்டபோது, அண்ணைக்குக் கீழே பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள் என்றும் சொன்னேன். ஏன் பன்னிரண்டு என்று எனக்கே தெரியாது. என் மனைவி, "அடுத்த வருஷம் கொம்பனியையே வாங்கிக் குடுப்பியள் போலை" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குச் சோறு போடப் போடத்தான் வேண்டியிருக்கிறது.

படம் வந்த அன்றைக்கு அப்பா செய்தது எனக்கு நல்ல ஞாபகம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு, "எட்டு சிலிண்டராயிருக்கும்" என்றார். கொம்பனி நல்லதோ என்று கேட்டார். நல்லது என்றேன். "சரி" என்று படத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். அதற்குப் பிறகு அந்தக் காரைப் பற்றி ஒருநாளும் அவர் வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணை தொலைபேசி எடுப்பார். முதலில் அப்பா.

"சுகமோ?"

"சுகம் அப்பா. நீங்கள்?"

"இருக்கிறன். அங்கை குளிரோ?"

"ஓம், குளிர். இஞ்சை எல்லாம் சினோ கொட்டிக் கிடக்கு."

"இஞ்சை மழை. சரி, தம்பியிட்டைக் குடுக்கிறன்."

இவ்வளவுதான். ஒரு நிமிஷம் பிடிக்காது. நான் தொலைபேசியை வாங்கிக்கொண்டு வேலியோரம் போவேன். அங்கே போனதும் அண்ணைக்கு மடை திறந்துவிடும். ஏறுகிறவர்கள் கதைத்தால்தான் இவர் கதைக்கலாம், அதனால் கிழமை முழுக்க அடைத்துவைத்த கதை எல்லாம் எனக்கு வரும். பின்பெட்டிக்குள் ஆறு சூட்கேஸ் அடுக்கலாம். தெருவுக்குக் கொட்டுகிற உப்பு அடித்தட்டைத் தின்கிறது. இறுகிய குளிரில் எஞ்சினை எழுப்புவதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது. வளைவில் அவ்வளவு நீளத்தையும் பின்சீட்டுக்காரனின் கோப்பி சிந்தாமல் கொண்டுபோக வேண்டும். எனக்குச் சைக்கிள் செயின் கழன்றால் போடத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்றுகொண்டு முருங்கையில் மயிர்க்கொட்டிப் புழு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். அங்கே உள்ளே, முப்பதடி தூரத்தில், அதில் ஒவ்வொரு சொல்லையும் விளங்கக்கூடிய ஒரே மனிதர் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்.

அப்போது இது எனக்கு உறைக்கவில்லை. இப்போது நினைத்தால் என் மீதே எனக்குக் கோபம் வருகிறது.

அம்மா செத்தபோது அண்ணையால் வர முடியவில்லை, வதிவிடக் காகிதங்கள் சரிவரவில்லை. காகிதம் சரிவந்த பிறகும் வரவில்லை. காசில்லை, லீவில்லை, பிள்ளைகளின் சோதனை என்று ஒவ்வொரு வருஷமும் ஒன்று. பயம் என்று ஒருநாள்தான் சொன்னார். "அப்பா முகத்துக்கு நேரை கேட்டால் எனக்குப் பொய் வராது தம்பி." போன வருஷம், அப்பாவுக்கு எண்பத்துநாலு நடக்கும்போது, இனித் தள்ள முடியாது என்று வந்து இறங்கினார். பதினொரு நாள் லீவு.

அதற்குள் அப்பாவின் காது போய்விட்டிருந்தது. முகத்துக்கு முன்னால் நின்று உரத்துச் சொன்னால் கேட்கும், தொலைபேசியில் ஒன்றும் கேட்காது. ஆனபடியால் ஞாயிற்றுக்கிழமை மழையும் குளிரும்கூட நின்று ஒரு வருஷமாகியிருந்தது.

வந்த மூன்றாம் நாள் அப்பாவுக்குத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் காதுக் கிளினிக். வழக்கமாக வருகிற ஓட்டோக்காரருக்கு அன்றைக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டுக்காரர் தன் சின்ன யப்பான் காரைத் தந்தார், ஆனால் ஓட ஆளில்லை. நான் யாரையாவது பிடிக்க வெளிக்கிட்டேன். அப்பா படியில் நின்று, "ஏன் தேடுறாய்? பெரியவன் ஓடட்டும்" என்றார்.

அண்ணை என்னைப் பார்த்தார், நான் நிலத்தைப் பார்த்தேன். வெளிநாட்டு லைசன்சுக்கு இங்கே ஓட எடுக்க வேண்டிய அனுமதிக் காகிதம் அவரிடம் இருந்தது. அதையும் அப்பா வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார், முன்சீட்டில். நான் பின்சீட்டில் மருந்துக் கொப்பியோடு இருந்தேன்.

காங்கேசன்துறை வீதியில் காலை நேரம் என்றால் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள், மரக்கறிச் சந்தைக்குப் போகிற லாண்ட்மாஸ்டர் உழவுமெஷின்கள், ஒன்றையொன்று கலைத்துக்கொண்டு ஓடுகிற மினிபஸ்கள். அண்ணைக்கு ஸ்டியரிங் மறுபக்கம், தெருவும் மறுபக்கம். முதல் ஐந்து நிமிஷம் சிக்னல் போடப் போய்த் துடைப்பானை ஆட்டினார். பிறகு கை பழகிவிட்டது. இணுவில் தாண்டும்போது நான் கவனித்தேன், மினிபஸ் குறுக்கே வெட்டியும் பின்சீட்டில் எனக்கு ஒரு குலுக்கல் இல்லை. அப்பா தெருவைப் பார்க்கவில்லை. தெல்லிப்பழைவரை அண்ணையின் கைகளையும் கால்களையும்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தியதும் அண்ணை இறங்கி, முன்னால் சுற்றி வந்து, அப்பாவின் பக்கக் கதவைத் திறந்தார். ஒரு கை கதவில். மற்றக் கையை விரித்து, அப்பாவின் தலை இடிபடாமல் கூரை விளிம்புக்குக் கீழே பிடித்தார். அவர் யோசித்துச் செய்ததல்ல, கை தானாகப் போனது. அப்பா இறங்கவில்லை. தலைக்கு மேலே இருந்த அந்த உள்ளங்கையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எயார்போட்டுக்கோ ஓடுறாய்?" என்று கேட்டார்.

அண்ணை வாய்க்குள்ளே, "ஓம் அப்பா" என்றார்.

"என்ன?" அப்பா காதில் கையை வைத்துக்கொண்டார்.

"ஓம் அப்பா."

"கேக்கேல்லை. உரத்துச் சொல்லு."

பதினைந்து வருஷம் நான் பொத்திப் பொத்தி வைத்ததை, அண்ணை ஆஸ்பத்திரி வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. "ஓம் அப்பா! கார் ஓடுறன்! கனடா போய் ரெண்டாம் வருஷத்திலையிருந்து கார்தான் ஓடுறன்!" காவலாளி திரும்பினார். ஓட்டோக்காரர் நாலு பேர் திரும்பினார்கள். நம்பர் துண்டு எடுக்க வரிசையில் நின்ற சனம் முழுக்கத் திரும்பியது. எனக்கு மருந்துக் கொப்பியால் முகத்தை மூடலாம் போலிருந்தது.

அப்பா அமைதியாக, "இப்ப ஏன் கத்துறாய்? படம் வந்த அண்டைக்கே எனக்குத் தெரியும்" என்றார். "கார் வைச்சிருக்கிறவன் முன்கதவிலை சாய்ஞ்சுகொண்டு நிண்டுதான் படம் எடுப்பான். நீ பின்கதவுக்குப் பக்கத்திலை, பிடிக்குக் கையெட்டுற தூரத்திலை நிண்டனி. முப்பது வருஷம் நான் நிண்ட இடம். எனக்குத் தெரியாதோ?"

"நீங்கள்தானே அப்பா..." அண்ணை மெல்லத் தொடங்கினார். பிறகு அப்பாவின் காது ஞாபகம் வந்து உரத்துச் சொன்னார். "நீங்கள்தானே ஸ்டியரிங் பிடிக்க வேண்டாமெண்டு சொன்னனீங்கள்!"

"முதுகு நோகுமெண்டு சொன்னனான். நேரத்துக்குச் சாப்பாடில்லை எண்டு சொன்னனான். வெக்கப்படச் சொல்லேல்லை." அப்பா பின்சீட்டுப் பக்கம் திரும்பினார். "உவன் வாத்தி, உன்னை மனேச்சர் எண்டான். நானும் பாத்துக்கொண்டிருந்தனான், எப்ப நிப்பாட்டுவான் எண்டு. கார் ஓடுறது அவ்வளவு ஒளிக்கவேண்டிய தொழிலெண்டால், நான் ஓடினது என்னடா? அந்தக் காசிலைதானே நீங்கள் ரெண்டு பேரும் வளந்தனீங்கள்?"

எனக்கு அப்போது ஞாபகம் வந்தது அண்ணையின் பொய் அல்ல, என்னுடையது. ஆசிரியர் கலாசாலைக்கு விண்ணப்பம் நிரப்பியபோது, தகப்பனின் தொழில் என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதியவன் நான். கலியாணம் பேசும்போதும் அதையே சொன்னேன். அப்பாவுக்கு அது தெரியாது என்றுதான் அந்த வாசல்வரை நம்பியிருந்தேன். படத்தைப் பார்த்து இவ்வளவு படித்த மனிதர் என்னைப் பார்த்து எவ்வளவு படித்திருப்பார்?

அப்பா அண்ணையின் கைக்குக் கீழே தலையைக் குனிந்து இறங்கினார். "நல்லாத் திறக்கிறாய்" என்றார். கிளினிக்குக்கு நேரமாகிவிட்டது என்று முன்னால் நடந்தார்.

திரும்பி வரும்போது சுன்னாகம் வருமுன் தொடங்கிவிட்டது. எத்தனை சிலிண்டர்? எட்டு. சொன்னனான்தானே. கியர் எங்கே? ஸ்டியரிங்கோடு. கூலிக்கு ஓடுகிற காருக்கு அவ்வளவு பாரம் எதற்கு? பாரம் இருந்தால்தான், அப்பா, மிதந்தமாதிரிப் போகும். பழைய பொலிஸ் காரின் பின்கதவுக் கதையைக் கேட்டு அப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் வந்த மோட்டார் சைக்கிள்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். அப்பாவும் விடவில்லை. பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஏ-ஃபோர்ட்டியை எழுப்பிய பக்குவத்தை அண்ணைக்கு விளக்கினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணைக்கு எல்லாம் விளங்கியது. அந்த நீளக் கார்களை இப்போது அங்கே செய்வதில்லை, தன்னுடையதையும் உடைக்கக் கொடுத்தாகிவிட்டது, இப்போது உயரமான வேறொன்றுதான் ஓடுவதாக அண்ணை சொன்னபோது, அப்பா செத்துப்போன ஒருவரைப் பற்றி விசாரிப்பதுபோல, "எப்ப?" என்று கேட்டார்.

மிச்சம் எட்டு நாளும் இரண்டு பேரும் விறாந்தையில் கத்திக் கத்திக் கதைத்தார்கள். ஒழுங்கை முழுக்கக் கேட்டது. அண்ணை மனேச்சர் இல்லை என்று ஊருக்குத் தெரியவந்தது அப்படித்தான். நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. அதிபர் மட்டும் என்னிடம், "அப்ப அந்தப் பன்னிரண்டு பேர்?" என்று கேட்டார். நான் பாடத்துக்கு மணியடித்துவிட்டது என்றேன்.

அண்ணை போய்விட்டார். கிளினிக்கில் கொடுத்த காதுமெஷின் தொலைபேசிக்குக் கிட்டப் போனால் கீச்சிடுகிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் நடுவில் இருக்கிறேன். கைத்தொலைபேசியில் அண்ணையின் முகம் தெரியும், அப்பா அதைப் பார்த்துக்கொண்டு கேள்வியைச் சொல்வார், அண்ணை சொல்கிற பதிலை நான் அப்பாவின் வலது காதுக்குள் கத்துவேன். கிளச்சு, கொயில், டிப்ரன்சல். பொருள் தெரியாமல் மந்திரம் சொல்கிற ஐயரும் நானும் ஒன்று. பதினாலு வருஷம் அப்பாவின் காது நன்றாக இருந்தது, அண்ணையிடம் கதை இருந்தது, தொலைபேசியும் வேலை செய்தது. நடுவில் நான் இருந்தேன். அதை நினைக்கும்போது என் குரல் சிலவேளை அடைக்கும், அப்பா "கேக்கேல்லை" என்பார்.

போன ஞாயிறு அப்பா எஞ்சினைப் பற்றிக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அண்ணையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆக்களை இறக்கிவிட்டுத் தனியத் திரும்பி வரேக்கை, பின்சீட்டு வெறுமையா இருக்கேக்கை, என்ன யோசிக்கிறனி எண்டு கேள்" என்றார்.

அண்ணைக்கு அது நேராகவே கேட்டது. சொன்னார்: "வழியிலை ஆரும் ஏறினால் நல்லம் எண்டுதான்."

நான் அப்பாவின் காதுக்குள் அதைக் கத்தினேன். அப்பாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, கண்ணால் தண்ணீர் வழிந்தது. துவாயால் துடைத்துக்கொண்டு என் கையைத் தட்டினார்.

"முப்பது வருஷமும் நானும் அதைத்தான் யோசிச்சனான் எண்டு அவனுக்குச் சொல்லு."

சொன்னேன்.